மீசையில் மண் ஒட்டியிருக்கிறது

குப்புற விழுந்தவன் எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டே "மீசையில் மண் ஒட்டவில்லை" என்றால் ஊர் சிரிக்கும். "இந்தப் பக்கம் பாருங்கள், இங்கேயும் கொஞ்சம் ஒட்டியிருக்கு" என்று அவனே மீசையைத் திருப்பிக் காட்டினாலும் ஊர் சிரிக்கும். முதல் சிரிப்பு அவன் தெரு முனை தாண்டிய பிறகும் தொடரும். இரண்டாவது அங்கேயே முடிந்துவிடும்.

தலைக்கனத்தைப் பற்றிப் பொதுவாகப் பேசினால் எல்லோரும் ஆமாம் போடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போடுவார்கள். ஆகவே ஒரே ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம்: மேடை. இலக்கிய மன்றம், பட்டிமன்றம், பள்ளி ஆண்டு விழா, கோயில் திருவிழா, பணி ஓய்வுப் பாராட்டு என்று தமிழர்களுக்கு மேடைக்குப் பஞ்சமே இல்லை. தலைக்கனம் ஏறுவதற்கு அதைவிடத் தோதான இடமும் இல்லை. மாலை, பொன்னாடை, ஃபிளெக்ஸ் எல்லாம் ஒரே மாலையில் வந்து சேரும். சாதாரண உடம்பு தாங்காது.

பேச்சாளரின் கனம் மைக்கைத் தொடும் முன்பே தெரிந்துவிடும். அழைப்பிதழில் தன் பெயர் எத்தனையாவது வரியில் இருக்கிறது, யாருடைய பெயருக்குக் கீழே இருக்கிறது, எழுத்து எத்தனை பெரிது என்பதெல்லாம் முதல் அறிகுறிகள். இரண்டாவது, அறிமுகக் குறிப்பு. "உங்களைப் பற்றி நாலு வரி அனுப்புங்க சார்" என்று அமைப்பாளர் கேட்டால் இரண்டு பக்கம் வரும். "சொல்லின் செல்வர்", "ஐயாயிரம் மேடை கண்ட அரிமா" என்று அதில் இருக்கும். யார் எழுதியது என்று யாரும் கேட்க மாட்டார்கள், எல்லோருக்கும் தெரியும். தொகுப்பாளர் அதை மூச்சு வாங்க வாசிக்கும்போது, அப்போதுதான் முதல்முறை கேட்பதுபோலத் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பதும் ஒரு கலைதான்.

வைத்தியத்தை அந்தக் குறிப்பிலிருந்தே தொடங்கலாம். அறுபது சொற்களுக்குள் எழுதுங்கள். நிதானமாக வாசித்தாலும் முக்கால் நிமிடத்தைத் தாண்டாது. அன்றைய தலைப்போடு தொடர்புள்ள தகவல் இரண்டு அல்லது மூன்று போதும். பாரதியைப் பற்றிப் பேசப் போகிறவர் தாம் அரிமா சங்கச் செயலாளர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எழுதியதை வீட்டில் யாரிடமாவது கொடுத்து, எதிரே உட்கார்ந்து, சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எந்த வரி வரும்போது அவர்கள் உதட்டைக் கடிக்கிறார்களோ அந்த வரியை அடித்துவிடுங்கள். மனைவியோ மகளோ வாசித்தால் வேலை சீக்கிரம் முடியும்.

அடுத்தது விளிப்பு. பத்து நிமிடப் பேச்சில் மூன்று நிமிடம் "எனக்கு முன்னால் பேசி அமர்ந்திருக்கின்ற, இங்கே வீற்றிருக்கின்ற" என்று போகும். கேட்கப் பணிவாக இருக்கும். கீழே நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள்: பேசுகிறவர் தனக்கு எத்தனை பெரிய மனிதர்களைத் தெரியும் என்ற பட்டியலை வாசிப்பது விளங்கும். தலைவர் பெயர், அழைத்தவர் பெயர், "அவையோர் அனைவருக்கும் வணக்கம்". இருபது வினாடியில் முடித்துவிடலாம். பெயர் விட்டுப்போனதற்காகக் கோபித்துக்கொள்கிற ஒருவர் எந்த ஊரிலும் இருப்பார். அவருக்கும் இந்தக் கட்டுரை பயன்படும்.

தன்னைத் தாழ்த்திக்கொண்டு தொடங்கும் வழக்கம் தமிழில் இன்று நேற்று வந்ததல்ல. அதற்கு அவையடக்கம் என்று பெயர் வைத்து, தொல்காப்பியத்தின் செய்யுளியலிலேயே இலக்கணம் சொல்லிவிட்டார்கள்: "வல்லா கூறினும் வகுத்தனர் கொண்மின்". எனக்கு வராததை நான் சொல்லியிருந்தாலும் நீங்கள் வகைப்படுத்தி ஏற்றுக்கொள்ளுங்கள் என்பது பொருள். கம்பர் அதற்கு நகைச்சுவையும் ஏற்றினார். ஒரு பூனை பாற்கடலின் கரைக்குப் போய், முழுவதையும் நக்கிக் குடித்துவிடலாம் என்று புகுந்ததுபோல, ஆசையினால் இராமன் கதையைச் சொல்ல வந்தேன் என்கிறார். இன்னொரு பாட்டில், சின்னப் பிள்ளைகள் தரையில் கோடு கிழித்து இது அறை, இது ஆடரங்கு என்று விளையாடினால் தச்சர் கோபித்துக்கொள்வாரா என்று கேட்கிறார்.

அந்தப் பூனையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். "எனக்கு ஒன்றும் தெரியாது" என்ற மொட்டைச் சொல் அங்கே இல்லை. கண்ணுக்குத் தெரிகிற ஒரு காட்சி இருக்கிறது: இத்தனை பெரிய கடல், இத்தனை சிறிய நாக்கு. சிரிப்பு அந்த அளவு வித்தியாசத்தில் பிறக்கிறது. பூனையைச் சோம்பேறியாகவோ முட்டாளாகவோ காட்டவும் இல்லை. அதற்குப் பேராசை, அவ்வளவுதான். அப்படிச் சொல்லிவிட்டுப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகளைப் பாடியிருக்கிறார். நக்கத் தொடங்கிய பூனை பாதியில் எழுந்து போகவில்லை.

இன்றைய மேடைகளில் பூனை மட்டும் வருகிறது, உழைப்பு வருவதில்லை. தொல்காப்பியர் சொன்னதில் முன்பாதியான "வல்லா கூறினும்" எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. "வகுத்தனர் கொண்மின்" என்ற பின்பாதி, அதாவது தவறிருந்தால் சரிசெய்துகொள்ளக் கேட்பவருக்கு உரிமை கொடுப்பது, யாருக்கும் நினைவில்லை. "சிறியேன்" என்று தொடங்கியவரைப் பேச்சு முடிந்து படியிறங்கும்போது ஒருவர் திருத்திப் பார்க்கட்டும். சிறியேன் எத்தனை பெரியவர் என்று தெரிந்துவிடும்.

சரி, தன்னைக் கிண்டல் செய்துகொள்ளும் ஒரு வரியை எப்படிச் செய்வது? முதலில் சரக்கு. கிண்டலுக்கு எடுக்கும் குறை உண்மையாக இருக்க வேண்டும். அவையில் பாதிப் பேராவது ஏற்கெனவே கவனித்ததாக இருந்தால் இன்னும் நல்லது. சின்னதாக இருக்க வேண்டும். அன்று செய்ய வந்த வேலையின் ஆணிவேரைத் தொடக் கூடாது. மறதி, நீட்டி முழக்கும் பழக்கம், கையெழுத்து, செல்போனோடு நடக்கும் மல்லுக்கட்டு, போட்டிகளில் வாங்கிய ஆறுதல் பரிசுகள் எல்லாம் தாராளமாக எடுக்கலாம். நிறம், உடல் பருமன், சாதி, வறுமை ஆகியவற்றைத் தொடாதீர்கள். உங்களுடையதுதானே என்று நீங்கள் நினைக்கலாம். அதே நிறமும் அதே உடம்பும் உள்ள பதினைந்து வயதுப் பிள்ளை மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறது.

தமிழ் மேடையில் மிக அதிகமாக ஓடும் சுயகிண்டல் இது: "வீட்டில் வாய் திறக்க முடியாது, அதனால்தான் இங்கே வந்து பேசுகிறேன்." இது சுயகிண்டலே இல்லை. அடி வாங்குகிறவர், வீட்டிலோ முதல் வரிசையிலோ இருக்கும் மனைவி. எந்த வரியை எழுதினாலும் இந்தச் சிரிப்புக்கான காசை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் பையிலிருந்து போகவில்லை என்றால் அந்த வரியை விட்டுவிடுங்கள்.

ஒரு வரியை எடுத்துச் செதுக்கிப் பார்க்கலாம். வழக்கமாக வருவது: "நான் ஒன்றும் பெரிய அறிஞன் இல்லை, ஏதோ கம்பனை ஒரு நாற்பது வருஷமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்." முன்னால் பணிவு, பின்னால் விளம்பரம். கேட்பவர்கள் சிரிக்க மாட்டார்கள், மரியாதைக்குத் தலையசைப்பார்கள். இதையே மாற்றினால்: "கம்பன் பாடியது பத்தாயிரம் பாட்டுக்கு மேல். நாற்பது வருஷமாகப் படிக்கிறேன். மனப்பாடம் ஆனது நாற்பது பாட்டு. அந்த நாற்பதையும் நீங்கள் போன வருஷமே கேட்டுவிட்டீர்கள்." நாற்பது வருஷம் இதிலும் இருக்கிறது, ஆனால் இப்போது அது பெருமையின் கணக்கில் வரவில்லை. எண்கள் இறங்கிக்கொண்டே வந்து கடைசியில் கேட்பவர்களின் அலுப்பில் போய் நிற்கின்றன.

தமிழில் வினை கடைசியில் வருவதால் ஒரு சிக்கல் உண்டு. "போன கூட்டத்தில் மூன்று பேர்தான் கைதட்டினார்கள் என்று என் நண்பர் என்னிடம் சொன்னார்" என்றால் சிரிப்பு "மூன்று பேர்" என்ற இடத்தில் எட்டிப் பார்க்கிறது. அதற்கு மேல் இன்னும் ஆறு சொல் வந்து அதன் தலையில் உட்கார்ந்துகொள்கிறது. திருப்பிப் போடுங்கள்: "போன கூட்டத்தில் என் நண்பர் எண்ணிப் பார்த்திருக்கிறார். கைதட்டியது மூன்று பேர்." முற்றுப்புள்ளி, ஒரு மூச்சு நேரம் அமைதி. "என்றார்கள்", "என்று வைத்துக்கொள்ளுங்கள்" போன்ற வால்களை வெட்டிவிட்டாலே பாதி நகைச்சுவை பிழைத்துக்கொள்ளும். சிரித்து முடிக்கும் முன் அடுத்த வாக்கியத்தைத் தொடங்காதீர்கள். சிரிக்கவில்லை என்றால் விளக்காதீர்கள். ஒன்றும் நடக்காததுபோல விஷயத்துக்குப் போய்விடுங்கள்.

எத்தனை வரி? பத்து நிமிடத்துக்கு ஒன்று போதும். இரண்டு என்பது உச்சவரம்பு. மூன்றாவது வந்தால் இவர் சொல்வது உண்மைதானோ என்று அவை யோசிக்கத் தொடங்கும்.

யார் சொல்வது, எப்போது சொல்வது என்பதும் முக்கியம். 1966ஆம் ஆண்டு எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளரும் அவரோடு இருந்தவர்களும் மின்னசோட்டா பல்கலைக்கழக மாணவர்களை வைத்துச் செய்த ஒரு சோதனையை வெளியிட்டார்கள். வினாடி வினாவில் கலந்துகொண்டவரின் ஒலிப்பதிவை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு பதிவில் அவர் 92 சதவீதக் கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னார். இன்னொன்றில் 30 சதவீதம்தான். சில பதிவுகளில் கடைசியில் காபியைத் தன் மேல் கொட்டிக்கொள்ளும் சத்தமும் கேட்டது. கெட்டிக்காரர் காபியைக் கொட்டியபோது அவரை மாணவர்களுக்கு இன்னும் பிடித்துப்போனது. சுமாரானவர் அதே காபியைக் கொட்டியபோது இருந்த மதிப்பும் குறைந்தது.

இதை மேடைக்குப் பொருத்தினால் கணக்கு எளிது. ஊர் அறிந்த பேச்சாளர் முதல் நிமிடத்திலேயே தன்னைக் கிண்டல் செய்துகொள்ளலாம். முதன்முதலாக மேடையேறும் கல்லூரி மாணவி "எனக்குப் பேசவே வராது" என்று தொடங்கக் கூடாது. அவையில் சிலர் அதைத்தான் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குச் சாட்சி சொன்னதாக ஆகிவிடும். அவள் முதலில் சரக்கை இறக்கட்டும். ஆறாவது நிமிடத்தில் ஒரு குறிப்புத் தாள் கைநழுவி விழுந்தால் அதை வைத்துச் சிரிக்கட்டும். பெண்களும் இளையவர்களும் பணிவாக இருக்க வேண்டும் என்று ஊரே வருஷக்கணக்காகப் பாடம் எடுத்துவிட்டது. இந்த மருந்து அவர்களுக்கு எழுதப்பட்டதல்ல. இது நாற்பது பொன்னாடை வாங்கியவர்களுக்கு.

மேடையில் நிஜமாகவே தவறும்போதுதான் உண்மையான பரீட்சை. ஒருவர் உற்சாகமாக "யாயும் ஞாயும் யாராகியரோ என்று புறநானூற்றிலே செம்புலப்பெயனீரார்…" என்று ஏறிக்கொண்டிருக்கிறார். முன்வரிசையிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், மெல்லத்தான், "குறுந்தொகைங்க ஐயா" என்கிறார். மைக் அதைப் பிடித்துவிட்டது. அந்த இடத்தில் மூன்று விதமான பதில்கள் வழக்கமாக வரும். "அதைத்தான் சொல்ல வந்தேன்." பொய் என்று இருநூறு பேருக்கும் தெரியும். "புறநானூற்றிலும் இதே கருத்தில் ஒரு பாட்டு உண்டு." இல்லாத பாட்டைத் தேடி மேடையிலேயே வியர்க்கும். "நல்லது, ஐயா தூங்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்." திருத்தியவரின் தலையில் குட்டு. இந்த மூன்றாவதுதான் மோசம். அந்தக் கூட்டத்தில் இனி யாரும் உங்களைத் திருத்த மாட்டார்கள். அடுத்த பத்து வருஷம் அதே தவறோடு ஊர் ஊராகப் போவீர்கள்.

சரியான பதில் பத்து வினாடி வேலை. நிறுத்துங்கள். திருத்திய சொல்லை நீங்களே சத்தமாகச் சொல்லுங்கள். நன்றி சொல்லுங்கள். அதன் பிறகுதான் சிரிப்பு: "குறுந்தொகை, நாற்பதாவது பாட்டு. நன்றிங்க ஐயா. காதலர்கள் இரண்டு பேரைக் கொண்டுபோய்ப் போர்க்களத்தில் விட்டுவிட்டேன்." பிறகு விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். வரிசையை மாற்றிச் சிரிப்பை முன்னால் வைத்தால் அது மழுப்பலாகிவிடும். அகம், புறம் தெரிந்த அவைக்குத்தான் இந்த வரி எடுபடும். பள்ளிப் பிள்ளைகள் முன்னால் என்றால் திருத்தமும் நன்றியும் மட்டும் போதும்.

மைக் கரகரத்தால் மைக்செட் தம்பியை முறைக்கும் வழக்கத்தையும் இதோடு சேர்க்க வேண்டும். பெரும்பாலும் தவறு பேசுகிறவருடையது: மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்துக் கத்துவார், அல்லது கையில் பிடித்தபடி ஒலிபெருக்கிக்கு எதிரே போய் நிற்பார். கூவத்தானே செய்யும்? வாய்க்கும் மைக்குக்கும் நடுவே நாலு விரற்கடை இடம் விட்டு, ஒலிபெருக்கிக்குப் பின்னால் நின்றால் முக்கால்வாசித் தொல்லை தீரும். கூட்டத்தில் ஆகச் சிறிய சம்பளம் வாங்குகிறவரை இருநூறு பேர் முன்னால் திட்டுகிறவர், அதற்கப்புறம் பணிவைப் பற்றி எந்தக் குறளைச் சொன்னாலும் எடுபடாது.

துண்டுச்சீட்டும் அப்படித்தான். "இன்னும் 2 நிமிடம்" என்று வரும். அதை எடுத்து அவைக்குக் காட்டி, "என்னை முடிக்கச் சொல்கிறார்கள், நீங்கள் சொல்லுங்கள், முடிக்கட்டுமா?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிப் பதினைந்து நிமிடம் ஓட்டுகிறவர்கள் உண்டு. அந்தக் கைதட்டலில் பாதி, முடித்துவிடுங்கள் என்பதற்காக. சீட்டு வந்ததும் நடந்துகொண்டிருக்கும் கருத்தை முடித்து, கடைசிக்கென்று வைத்திருந்ததைச் சொல்லி இறங்கிவிடுங்கள். நடுவில் விட்டுப்போன மூன்று மேற்கோள்களை யாரும் தேட மாட்டார்கள். தன் பேச்சில் எது விட்டுப்போனாலும் அவைக்கு நஷ்டம் என்ற நினைப்புதான் கனத்தின் அடிவயிறு.

கோபம், முறைப்பு, நீட்டல் எல்லாவற்றுக்கும் கீழே பெரும்பாலும் பயம்தான் இருக்கிறது: தவறியதை எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்ற பயம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் அவர் குழுவினரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், கூச்சப்பட வைக்கும் படம் போட்ட டீ-சட்டையை மாணவர்களுக்கு மாட்டி ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். பாதிப் பேராவது கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான். நீங்கள் தடுமாறியபோது அவையில் பாதிப் பேர் போனில் இருந்தார்கள். சங்கடமான செய்திதான், ஆனால் நல்ல செய்தி.

வீட்டில் செய்ய வேண்டிய வேலை இரண்டு. பேச்சைப் போனில் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். பத்து நிமிடத்தில் "நான்" எத்தனை முறை வருகிறது என்று தாளில் கோடு போடுங்கள். தமிழில் "சொன்னேன்" என்றாலே போதும். சொன்னது யார் என்று வினையின் விகுதி காட்டிவிடும். "நான் சொன்னேன், நான் அப்போதே சொன்னேன்" என்பதில் உள்ள "நான்" இலக்கணத்துக்காக வரவில்லை. கோடு போட்டவற்றில் எதை எடுத்தாலும் பொருள் கெடாதோ அதையெல்லாம் அடித்துப் பாருங்கள், பெரும்பாலானவை போய்விடும். அதற்குப் பதிலாக "அடியேன்" போடுவது தீர்வு இல்லை. பத்து நிமிடத்தில் பதினாறு "அடியேன்" வந்தாலும் அதே கணக்குதான்.

இரண்டாவது, ரசிகராக இல்லாத ஓர் ஆளைத் தேடுவது. அவரிடம் "எப்படிண்ணே இருந்தது?" என்று கேட்டால் "பிரமாதம் தம்பி" என்றுதான் வரும். கேள்வியைக் குறுக்குங்கள்: "எந்த இடத்திலண்ணே போனை எடுத்தீங்க?" கொஞ்சம் தயங்குவார். "அந்த… வெளிநாட்டுப் பயணக் கதை வந்துச்சே, அங்கதான்." அடுத்த கூட்டத்தில் அந்தக் கதையை வெட்டுங்கள், வெட்டியதை அவரிடம் சொல்லுங்கள். சொன்னால்தான் அடுத்த முறையும் வாயைத் திறப்பார்.

சிரிப்பு உதவாத இடமும் உண்டு. மேடையில் யாரையாவது புண்படுத்திவிட்டால் அங்கே சுயகிண்டல் கூடாது. "எனக்கு வாய்க்கொழுப்பு ஜாஸ்தி, என்ன செய்ய" என்று சிரித்தால் மன்னிப்புக் கேட்க வேண்டியவர் பாராட்டு வாங்கிக்கொண்டு போகிறார் என்று அர்த்தம். எந்த மேடையில் சொன்னீர்களோ அதே மேடையில், அல்லது அவர் வீட்டுக்கே போய், என்ன சொன்னீர்கள் என்பதையும் அது தவறு என்பதையும் நேராகச் சொல்லுங்கள். அதேபோல, நீங்கள் உங்களைத் தாழ்த்திப் பேசும்போதெல்லாம் எதிரே இருப்பவர் "அய்யோ, அப்படியெல்லாம் இல்லைங்க சார்" என்று சொல்ல வேண்டியிருந்தால், அது பணிவில்லை, வசூல். எதிராளி சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போக முடிகிறதா என்று பாருங்கள்.

பாராட்டு வந்தால் மறுக்கவும் வேண்டாம். "நல்லாப் பேசினீங்க" என்றால் "நன்றி". அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "என்னங்க பெரிசாப் பேசிட்டேன்" என்றால் அவர் இன்னொரு முறை பாராட்டியாக வேண்டும். பாவம், பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர்.

கூட்டம் முடிந்து டீ கொடுக்கும் இடத்தில் ஒருவர் கொஞ்சம் தள்ளி நிற்பார். செல்ஃபி எடுக்க வருகிறவர்களைப்போல முண்டியடிக்க மாட்டார். கூட்டம் கலையும்வரை காத்திருந்து, "தப்பா நினைக்காதீங்க சார், அந்த வருஷம் மட்டும்…" என்று தொடங்குவார். டம்ளரைக் கீழே வையுங்கள். தோளில் கிடக்கும் பொன்னாடையை மடித்துப் பைக்குள் போடுங்கள். பேனாவை எடுத்து அவர் சொல்லும் வருஷத்தை அவர் கண்ணெதிரே அழைப்பிதழின் பின்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்தில் அவர் பெயரையும் கேட்டு எழுதுங்கள். வீட்டுக்குப் போய்ச் சரிபாருங்கள். அவர் சொன்னது சரி என்றால், அடுத்த முறை அந்த ஊருக்குப் பேசப் போகும்போது அந்த வருஷத்தை மேடையில் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லுங்கள்.